வேலையோடு வந்த வீடு

கோலாலம்பூரின் சரித்திரத்தில் 1881 ஒரு பொல்லாத வருஷம். ஜனவரி மாதத்தில் மூண்ட தீ, அத்தாப்புக் கூரையும் மரச்சுவருமாக ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்ற அந்த ஈயச் சுரங்க ஊரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கிற்று. மக்கள் அதிலிருந்து நிமிர்வதற்குள், அதே வருஷத்தின் இறுதியில் வெள்ளம் பெருகி வந்து, புதிதாக எழுப்பியவற்றையும் அடித்துக்கொண்டு போயிற்று. மறுவருஷம் சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்து சேர்ந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனி இந்த ஊரில் கட்டடம் எழுப்புகிறவர்கள் செங்கல்லாலும் ஓட்டாலும்தான் எழுப்பவேண்டும் என்ற நியதியைக் கொண்டுவந்தார். சீனக் கப்பித்தான் யாப் ஆ லோய், ஊருக்குத் தெற்கே களிமண் மிகுந்த ஆற்றங்கரைப் பிரதேசத்தில் சூளை போட்டுச் செங்கல் அறுப்பித்தார். அந்தச் சூளைக்காடே பிற்காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. அரசாங்கம் குடியிருப்பு விஷயத்தில் முதன்முதலாகத் தலையிட்ட வரலாறு இது; ஆனால் அத்தலையீட்டில் கட்டளை இருந்ததே தவிரக் காசு இல்லை. செங்கல்லுக்கு விலை கொடுக்கச் சக்தி உள்ளவன் கட்டிக்கொண்டான், இல்லாதவன் ஊருக்கு வெளியே மறுபடியும் அத்தாப்பு வேய்ந்துகொண்டான்.

1886-இல் கோலாலம்பூருக்கும், கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியபோதுதான், வீட்டுக்காக அரசாங்கம் பணம் செலவழிக்கவேண்டிய அவசியம் உண்டாயிற்று. தண்டவாளம் போடுவதற்கும் அதைப் பாதுகாப்பதற்கும் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் வந்தனர். கணக்கெழுதவும் டிக்கெட் கொடுக்கவும் ஸ்டேஷன் மாஸ்டராக இருக்கவும் யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்த இளைஞர் வந்தனர். இவ்விரு வகுப்பாருக்கும் தங்க இடம் வேண்டியிருந்தது. நள்ளிரவில் வண்டி தடம் புரண்டால் உடனே கூப்பிடக்கூடிய தூரத்தில் ஆள் இருக்கவேண்டும் என்பதே ரயில்வே நிர்வாகத்தின் கவலை. அந்தக் கவலையின் பயனாகப் பிரிக்பீல்ட்ஸிலும், பின்னர் பெரிய பட்டறை அமைந்த செந்தூலிலும், வரிசை வரிசையாகக் குடியிருப்புகள் எழுந்தன.

அவற்றுள் மிகவும் பிரசித்தமானது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் ரொசாரியோ தெரு, சான் ஆ தோங் தெரு ஆகியவற்றை ஒட்டி எழுந்த ‘ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்’. ரயில்வேயிலும் மற்ற அரசாங்க இலாகாக்களிலும் உத்தியோகம் பார்த்த சிப்பந்திகளுக்காகக் கட்டப்பட்ட இந்த இரண்டடுக்கு வரிசை வீடுகளில், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு தலைமுறை தலைமுறையாகத் தமிழரும் மலையாளிகளும் சிங்களவரும் வாழ்ந்தனர். அங்கே வாழ்ந்தவர்கள் அந்த வாழ்க்கையின் சௌகரியங்களை வாயாரப் புகழ்ந்து பேசுவதை எவரும் கேட்டிருக்கலாம்: எட்டி நடந்தால் வேலை, எட்டி நடந்தால் பள்ளிக்கூடம், எட்டி நடந்தால் கோயில். ஸ்காட் ரோட்டில் கந்தசுவாமி கோயிலை எழுப்பியவர்கள் இலங்கைத் தமிழர்கள். 1904-இல் தோன்றிய விவேகானந்த ஆசிரமத்துக்கும் இந்தச் சுற்றுவட்டாரத்து உத்தியோகஸ்தர்களே ஆதரவு. இத்தனை ஸ்தாபனங்களைத் தங்கள் பணத்தால் நிலைநிறுத்திக்கொண்ட ஒரு சமூகம், தான் குடியிருந்த வீட்டின் ஒரு செங்கல்லுக்கும் சொந்தக்காரனாக இல்லை என்பதை அக்காலத்தில் யாரும் பெரிதாக நினைத்ததாகத் தெரியவில்லை. பென்ஷன் வாங்கும் நாள் வந்தால் சாவியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதுவரை அது நம் வீடுதான் என்பது பொதுவான அபிப்பிராயம். சம்பளத்தில் மிச்சம் பிடிக்கக் கூடியவர்கள் யாழ்ப்பாணத்திலோ தஞ்சாவூர் ஜில்லாவிலோ நிலம் வாங்கினார்களே தவிர, நின்றுகொண்டிருந்த மண்ணில் வாங்க நினைத்தவர்கள் சிலரே. எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை. திரும்பிப் போகவேண்டிய ஊர் ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கை அவர்களுக்கு நிஜமாகவே இருந்தது.

குவார்ட்டர்ஸ் என்பது இந்த ஏற்பாட்டின் உயர்ந்த படி. கீழ்ப்படியில், கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் பரவிக் கிடந்த ரப்பர் தோட்டங்களில், லயம் இருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறை, அதில் ஒரு குடும்பம், கல்யாணமாகாதவர்களாயின் மூவர், முன்புறம் சமையலுக்கு ஒரு சாய்ப்பு, தூரத்தில் கிணறும் கக்கூசும். வாடகை கிடையாது என்று தோட்டக்காரர்கள் பெருமையாகச் சொல்லுவதுண்டு. வாடகை இல்லாததன் அர்த்தம், அந்த அறை கூலியின் ஒரு பகுதி என்பதே: பால் வெட்டுகிறவனுக்கு அறை, வெட்டாதவனுக்கு இல்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் வெட்டினால் துரைக்கு லாபம். ஒருவர் படுத்துவிட்டால் கிராணியார் கணக்குப் பார்ப்பார். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவன் அன்றைய தினமே பெட்டி சட்டியோடு தோட்டத்து எல்லையைக் கடக்கவேண்டும்.

இந்த லயங்களுக்கு வேலி மட்டுமல்ல, ஒழுங்கும் உண்டு. 1941-ஆம் வருஷம் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் படித்தால், இக்காலத்தவருக்கு ஆச்சரியம் உண்டாகும். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடையை மூடுதல் என்பவற்றோடு, துரையின் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையும், உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போகும் உரிமையும் அப்பட்டியலில் இருந்தன. தன் தங்கை தன் வீட்டுக்கு வருவதற்கு முதலாளியின் அனுமதி தேவைப்பட்ட ஒரு மனிதன், அதை வீடு என்று எப்படி அழைத்தான் என்பதே வியப்பு. தலைவராக விளங்கிய ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைதாகி நாடு கடத்தப்பட்டார்; பட்டாளம் வரவழைக்கப்பட்டது; துப்பாக்கிப் பிரயோகத்தில் தொழிலாளர் ஐவர் உயிர் இழந்தனர். அவ்வருஷ முடிவில் ஜப்பானியர் வந்துவிட்டபடியால், அந்தக் கோரிக்கைகளின் கதி யுத்தத்தின் கதியோடு கலந்து போயிற்று.

பொதுப் பணத்தால் ஜனங்களுக்கு வீடு கட்டித் தரலாம் என்ற எண்ணம் அக்காலத்து மலாயாவை எட்டாமல் இல்லை. முதல் உலக யுத்தத்துக்குப் பின் 1919-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட், நகரசபைகள் தொழிலாளருக்கு வீடு கட்டக் கஜானாவிலிருந்து மானியம் வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. தோட்ட நகரத் தத்துவத்தில் ஊறியவரான சார்லஸ் ரீட் என்ற நகர அமைப்பாளர் 1921-இல் கோலாலம்பூரில் உத்தியோகம் ஏற்றார். இரண்டு வருஷங்களில் நகர அமைப்புச் சட்டமும் வந்தது. ஆனால் கஜானாவின் மானியம் மட்டும் கடல் கடந்து வரவில்லை. மலாய்க்காரர்களுக்காகக் கம்போங் பாரு என்ற நிலப்பரப்பு நூற்றாண்டின் திருப்பத்திலேயே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. சீனர் தம் வியாபாரத்தின் பலத்தால் அஞ்சடி நடைபாதை வைத்த கடைவீடுகளில் மாடியை மரத்தட்டிகளால் பல அறைகளாகத் தடுத்து நெருக்கிக் குடியிருந்தனர். தமிழர் குவார்ட்டர்ஸிலும் லயத்திலும் இருந்தனர். மூன்று வகுப்பாருள் ‘வீடில்லாதவர்’ என்ற கணக்கில் வராதவர்கள் தமிழர் மட்டுமே. அவர்களுக்குத்தான் வேலையோடு வீடும் கிடைத்துவிட்டதே! பிற்கால அவதிகளுக்கெல்லாம் வித்து இந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அரசாங்கம் உண்மையாகவே பெருந்தொகையை வீட்டின் மேல் கொட்டியது அவசரகாலத்தில். 1948-இல் கம்யூனிஸ்டுக் கலகம் மூண்டபின், காட்டோரங்களில் புறம்போக்கு நிலத்தில் குடியிருந்த சீனர்களைக் கலகக்காரர்களிடமிருந்து பிரிக்கவேண்டும் என்ற ஜெனரல் பிரிக்ஸின் திட்டப்படி, ஏறத்தாழ ஐந்து லட்சம் ஜனங்கள் முள்வேலி சூழ்ந்த புதுக் கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். தோட்டத் தொழிலாளரின் லயங்களும் பல இடங்களில் ஒன்றாகக் கூட்டி வேலியடைக்கப்பட்டன. 1950-இல் ‘ஹவுசிங் டிரஸ்ட்’ என்ற வீடமைப்பு ஸ்தாபனம் சட்டப்படி ஏற்பட்டது. கோலாலம்பூரின் நெரிசலையும் புறம்போக்குக் குடிசைகளையும் குறைக்க, நகருக்குத் தென்மேற்கே எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தின் 1,200 ஏக்கரில் ஒரு துணைநகரம் திட்டமிடப்பட்டது. அதுவே பெட்டாலிங் ஜெயா. பால்மரங்களை வெட்டிய இடத்தில் சிறு சிறு மனைகள் அளந்து, குறைந்த விலையில் குடிசைவாசிகளுக்கு அளிக்கப்பட்டன. இன்று பழைய டவுன் என்று வழங்கும் பகுதியில் அந்த முதல் வீடுகளின் வரிசைகளை, மாடி எழுப்பி மறைத்தவை போக, இன்னும் அடையாளம் காணலாம். சில வருஷங்களிலேயே அந்நகரம் உத்தியோகஸ்தர்களும் நடுத்தர வகுப்பாரும் விரும்பி நாடும் இடமாக மாறிவிட்டது. ஏழைக்கென்று தொடங்கும் திட்டத்தைக் கொஞ்சம் வசதியுள்ளவர் மெல்ல மெல்லத் தமதாக்கிக்கொள்வது எந்தத் தேசத்திலும் நடப்பதே. சிங்கப்பூரில் 1960-இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஒன்றுதான், எல்லா வகுப்பாருக்கும் வேண்டிய அளவு கட்டித் தள்ளியதனால், இந்த வியாதியிலிருந்து பெரும்பாலும் தப்பிற்று.

சுதந்திரத்தை ஒட்டி அடுக்குமாடிகளின் யுகம் பிறந்தது. 1957-இல் பத்து ரோட்டில் சுலைமான் கோர்ட் எழுந்தது. இன்று அந்த இடத்தில் சோகோ பல்பொருள் அங்காடி நிற்கிறது. 1964-இல், சுவரையும் தளத்தையும் தொழிற்சாலையில் வார்த்துக் கொணர்ந்து பொருத்தும் டென்மார்க் தேசத்து முறைப்படி, பெக்கிலிலிங் சாலையோரத்தில் பதினேழு மாடிக் கட்டடங்களில் சுமார் 3,000 வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். 1967-இல் சுங்கை பெசி சாலையில் ராசாக் மேன்ஷன் 657 வீடுகளோடு வந்தது. இவற்றில் தமிழர் குடியேறாமல் இல்லை. ஆயினும் வரிசையில் முன்னே நின்றவர்களில் அவர்கள் குறைவு. ரயில்வேக்காரனுக்கும் முனிசிபல் தொழிலாளிக்கும் குவார்ட்டர்ஸ் இருக்க, தோட்டக்காரனுக்கு லயம் இருக்க, மனு எழுத வேண்டிய அவசியம் என்ன?

இதே காலத்தில்தான் லயத்தின் அஸ்திவாரம் ஆட்டம் கண்டது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். தோட்டத் துண்டாடல் என்ற சொல் அக்காலத்துத் தமிழ்ப் பத்திரிகைகளில் அன்றாடம் அடிபட்டது. துண்டாடப்பட்ட தோட்டத்தில் தொழிலாளிக்கு வேலை போயிற்று. வேலை போனதும் கூரை போயிற்று. வி. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்துத் தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளரிடமிருந்தே மாதத் தவணையாகப் பங்குப் பணம் திரட்டி, விற்பனைக்கு வந்த தோட்டங்களைச் சங்கத்தின் பெயரில் வாங்கியது இதைத் தடுப்பதற்காகவே. ஏழைகளின் வெள்ளியைக் கொண்டு ஏழைகளின் குடியிருப்பைக் காத்த அம்முயற்சி, அரசாங்க நிதி எதுவும் சாதிக்காததைச் சாதித்தது என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் ஒரு கூட்டுறவுச் சங்கம் எத்தனை தோட்டங்களைத்தான் வாங்க முடியும்? 1966-இல் நிறைவேறிய தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம், முதலாளி கொடுக்கவேண்டிய வீட்டின் குறைந்தபட்சத் தரத்தை நிர்ணயித்தது. 1990-இல் அதன் இடத்தில் வேறொரு சட்டம் வந்து, தண்ணீர், மின்சாரம் முதலிய சௌகரியங்களைப் பற்றியும் பேசியது. இரண்டு சட்டங்களும் வேலையில் இருக்கும் வரைக்குமான வீட்டைப் பற்றியவையே. வேலை முடிந்தபின் என்ன என்ற கேள்வியை இரண்டும் தொடவில்லை. 1969-க்குப் பின் பிரஜாவுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமாகி, ஏராளமானோர் கப்பலேறியதும் இந்தக் காலத்துக் கதையே. எஞ்சியிருந்த சிவப்பு அட்டைக்காரருக்கு அரசாங்க வீட்டு மனுவின் முதற்பக்கமே தடையாக நின்றது.

பின்னர் கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர் மண்ணுக்கு ரப்பரை விட உயர்ந்த விலை வந்தது. பங்சார் முன்பு தோட்டம். சுங்கை ரெங்கம் தோட்டத்தில் ஷா ஆலம் எழுந்து 1978-இல் சிலாங்கூரின் தலைநகரமாயிற்று. சீபீல்டு தோட்டத்தில் சுபாங் ஜெயா பரவியது. புக்கிட் ஜாலில் தோட்டத்தில் 1998 காமன்வெல்த் விளையாட்டுகளுக்கான தேசிய அரங்கம் எழுந்தது. வெளியேறியவர்கள் எங்கே போவார்கள்? வேலை கிடைக்கும் ஊருக்கு அருகில், வாடகை கேட்காத மண்ணுக்கு. பழைய கிள்ளான் சாலையை ஒட்டியும், கெரிஞ்சியிலும், கம்போங் மேடானிலும், ரயில் பாதையோரங்களிலும், சுரங்கக் குட்டைகளின் கரைகளிலும் பலகையும் தகரமுமாகக் குடிசைகள் பெருகின. நூறு வருஷம் வீடில்லாதவர் கணக்கில் வராத ஜனங்கள், இப்போது திடீரென்று அக்கணக்கின் தலைப்பிலேயே வந்து நின்றனர். ஆனால் புறம்போக்குவாசி என்ற பெயரில். சென்னையில் 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசைவாசியும் ஒரு வாக்காளர் என்பதை அரசியல்வாதிகள் நன்கு அறிந்திருந்தனர். இங்கே 1969-இன் அவசரகால விதிகள் குடிசையை முன்னறிவிப்பு அதிகமின்றி இடிக்கும் அதிகாரத்தை அளித்தன. இடித்தவர்களைத் தற்காலிகமாக வைப்பதற்கென்று மரப்பலகையாலான ‘ரூமா பாஞ்சாங்’ என்னும் நீளவீட்டு வரிசைகள் கட்டப்பட்டன. அந்தத் தற்காலிகம் பலருக்கு வருஷக்கணக்கில் நீண்டது.

இவ்விடத்தில் அரசாங்க நிதி எந்த வழியாக ஓடுகிறது என்பதைச் சொல்லாவிட்டால் பின்வருவது விளங்காது. மலேசிய அரசியலமைப்பின்படி நிலம் மாநிலத்தின் அதிகாரம். பெரும் பணம் மத்திய அரசின் கையில். பணம் உள்ளவரிடம் மண் இல்லை, மண் உள்ளவரிடம் பணம் இல்லை. 1974-இல் கூட்டரசுப் பிரதேசமாகிய கோலாலம்பூருக்குள் இரண்டும் ஓரிடத்தில் இருக்கின்றன. அதனால்தான் மத்திய அரசின் மலிவு வீட்டுத் திட்டங்கள் தலைநகரில் பெருகிய அளவுக்குக் கிள்ளானிலோ காஜாங்கிலோ பெருகவில்லை. சிலாங்கூர் போன்ற மாநிலங்கள் வேறு வழி கண்டன: தனியார் வீடமைப்பாளர் தாம் கட்டும் வீடுகளில் நூற்றுக்கு முப்பதை மலிவு விலையில் கட்டவேண்டும் என்று நிபந்தனை விதித்தன. விலை 25,000 வெள்ளி (ரிங்கிட்) என்று 1980-களின் தொடக்கத்தில் நிர்ணயமாயிற்று. சிமெண்டும் இரும்பும் கூலியும் ஏற ஏற, அந்த விலை 1998 ஜூன் வரைக்கும் அசையாமல் நின்றது. பிறகுதான் இடத்துக்கேற்ப 42,000 வெள்ளி வரை உயர்த்தப்பட்டது. இடைக்காலத்தில் வீடமைப்பாளர் நஷ்டத்தைச் சரிக்கட்டச் செய்த காரியம் யாவரும் அறிந்ததே: மலிவு வீட்டைத் திட்டத்தின் மூலையில், மேட்டிலோ பள்ளத்திலோ, கடைசியாக, மெல்லிய சுவரோடு கட்டினார்கள். தோட்டத்து நிலத்தை விற்ற கம்பெனிக்கு லாபம், வாங்கிய கம்பெனிக்கு லாபம்; அங்கே பால் வெட்டியவன் அந்த முப்பது சதவிகிதத்தில் ஒன்றுக்காகக் குலுக்கலில் சீட்டுப் போடவேண்டும்.

2001 மார்ச் மாதத்தில் கம்போங் மேடானிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நடந்த கலவரத்தில் ஆறு பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். காரணங்களைப் பற்றி வாதம் உண்டு. ஆனால் நெருக்கியடித்த நீளவீடுகளிலும் குடிசைகளிலும், தண்ணீருக்கும் வழிக்கும் கூட ஒருவரையொருவர் உரசிக்கொண்டு வாழவேண்டியிருந்த அந்த வறுமையை யாரும் மறுக்கவில்லை. அதற்கு முன்னரே, ஆசியப் பொருளாதார நெருக்கடியின்போது, 1998 டிசம்பரில் குடிசைவாசிகளை மாற்றிக் குடியேற்றும் மக்கள் வீடமைப்புத் திட்டம் தீர்மானமாகியிருந்தது. ஜனங்கள் வாயில் அது ‘பிபிஆர்’. கட்டுமானத் தொழிலைத் தூக்கி நிறுத்துவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஒவ்வொரு வீட்டிலும் மூன்று படுக்கையறை, சுமார் 700 சதுர அடி, மாத வாடகை 124 வெள்ளி. லயத்து அறையின் 120 சதுர அடியை நினைத்துப் பார்க்கிறவர்களுக்கு இது சாமானிய முன்னேற்றம் அன்று. அந்த வாடகைக்கு இந்நகரத்தில் வேறு எங்கும் கதவு திறக்காது என்பதையும் மறைக்கக்கூடாது. கெரிஞ்சி, பந்தாய் டாலாம், லெம்பா சுபாங் முதலிய இடங்களில் எழுந்த இந்த உயர்ந்த கட்டடங்களில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் இன்று வாழ்கின்றன.

ஆனால் வீட்டுக்குள்ளே கிடைத்ததை வீட்டுக்கு வெளியே இழந்தனர். லயத்து வாசலில் முருங்கையும் தென்னையும் வைத்து, ஆடு கட்டி, மாலையில் படியில் அமர்ந்து பேசி வளர்ந்த கிழவிக்குப் பதினாறாம் மாடியில் மின்தூக்கி நின்றுவிட்டால் அவ்வளவுதான். கட்டுவதற்கு ஒதுக்கிய அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பராமரிப்புக்கு ஒதுக்காததே இத்திட்டத்தின் பெருங்குறை என்று நான் கருதுகிறேன். 124 வெள்ளி வாடகையில் மின்தூக்கிக்கும் குப்பைக்கும் குழாய்க்கும் செலவழிக்க முடியாது. அந்த வாடகையும் பலரிடம் பாக்கி. 2018 ஜனவரியில் பந்தாய் டாலாமின் ஸ்ரீ பந்தாய் குடியிருப்பில், மாடியிலிருந்து விழுந்த நாற்காலி ஒன்று கீழே நடந்துகொண்டிருந்த பதினைந்து வயதுத் தமிழ்ப் பையனைக் கொன்றபோது, பத்திரிகைகள் ஜனங்களின் மனோபாவத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. குப்பை இறக்குவதற்குள் மின்தூக்கிக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் என்பதைச் சிலரே எழுதினர்.

அரசாங்கமே நேரடியாக நிலத்தை எடுத்துக்கொண்ட இடத்தில் நடந்தது என்ன என்பதற்குப் புத்ராஜெயா உதாரணம். முதல் உலக யுத்தத்தில் போரிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் திறந்த பேராங் பெசார் தோட்டத்தையும், மேடிங்லி, கேலவே, செட்ஜ்லி ஆகிய பக்கத்துத் தோட்டங்களையும் அழித்தே நாட்டின் நிர்வாகத் தலைநகரம் எழுந்தது. அத்தோட்டத்து மக்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா என்ற அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டனர். தரையோடு ஒட்டிய வீடு கிடைக்கும் என்று நம்பியிருந்தவர்களுக்கு மாடி வீடு கிடைத்தது. அதன் சுவர்களிலும் அதிக வருஷங்கள் செல்வதற்குள் விரிசல் விட்டது. பக்கத்திலேயே மந்திரிகளின் மாளிகைகளும் அகன்ற வீதிகளும் ஏரியும் இருந்தன. புக்கிட் ஜாலிலில் கடைசியாக எஞ்சிய 41 குடும்பங்கள், வாடகை அடுக்குமாடி வேண்டாம், தாங்கள் தலைமுறையாக வாழ்ந்த மண்ணிலேயே தரை வீடு கட்ட நான்கு ஏக்கர் வேண்டும் என்று 2011-ஐ ஒட்டி மாநகர் மன்றத்தின் வெளியேற்ற ஆணையை எதிர்த்து நின்றது, இந்த அனுபவங்களையெல்லாம் கண்ணால் கண்டபின்னரே. அவர்கள் பிடிவாதக்காரர்கள் என்று அப்போது பேசியவர்கள், டெங்கிலுக்கு ஒரு தடவை போய்வந்திருக்கலாம்.

2011-ஆம் வருஷத்துப் பட்ஜெட்டில் தோட்டத் தொழிலாளர் மலிவு வீடு வாங்குவதற்காக 50 மில்லியன் வெள்ளிக் கடன் நிதி ஒன்று அறிவிக்கப்பட்டது. வட்டி நூற்றுக்கு நாலு. திருப்பிச் செலுத்தும் காலம் நாற்பது வருஷம் வரை, இரண்டு தலைமுறைகளுக்கும் சேர்த்து. அப்பனுடைய பெயரில் தொடங்கும் கடன் மகனுடைய பெயரில் முடியும். தோட்டத்துச் சம்பளத்தில் ஒரு ஜன்மத்தில் ஒரு மலிவு வீடு வாங்க முடியாது என்பதை அரசாங்கமே எழுத்தில் ஒப்புக்கொண்ட பத்திரம் என்று அதைக் கொள்ளலாம்.

ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் 2010-களின் நடுவில் இடித்துத் தள்ளப்பட்டது. ரயில்வேயின் பழைய வண்டி நிறுத்துமிடத்தில் அதற்கு முன்பே, 2001-இல், கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டு, அதைச் சுற்றிப் பிரிக்பீல்ட்ஸின் மண் சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படும் நிலைக்கு வந்திருந்தது. பள்ளத்தாக்கின் வடகோடியில், உலு சிலாங்கூரில், மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என்ற ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் நெடுங்காலம் நடத்திய போராட்டத்துக்குப் பின், 2023-இல் அவர்களுக்கென்று 245 தரை வீடுகள் கட்டும் பணி தொடங்கி வைக்கப்பட்டது. நிலத்தைத் தோட்டத்துக்குரிய கம்பெனி கொடுத்தது. கட்டுமானச் செலவுக்கு மத்திய அரசு நிதி கொடுத்தது. மண்ணும் பணமும் தோட்டத்து ஜனங்களின் பெயரில் ஒரே காகிதத்தில் சந்தித்த சந்தர்ப்பங்கள் இந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றில் மிக அரிது. அதே வருஷம் சமர்ப்பிக்கப்பட்ட 2024 பட்ஜெட்டில், நாடெங்கும் 36 பிபிஆர் திட்டங்களைத் தொடர 546 மில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. அந்த வீடுகளுக்கு மனுப் போடுகிறவர்கள் வருமானச் சான்று காட்டவேண்டும்; புக்கிட் தாகார்க்காரர்கள் காட்டிய சான்று, தாங்கள் அந்த மண்ணில் பால் வெட்டியவர்கள் என்பது.